அந்தக் கட்டில்

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரர் நேற்று டீக்கடை வரை நடந்து போனார் என்று வேலுத்தாய் மதினி சொன்னாள். சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் நினைக்கிறேன். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து வெடித்து நம் புருஷன்மார் இரண்டு பேரும் வெந்து கிடந்த அன்று, போர்மேன் காரில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. "நீ 108 வரவும் ஏத்திட்டு வாடி" என்று உன்னிடம் சொல்லிவிட்டு, உன் மச்சானை நான்தான் முதலில் ஏற்றினேன். நீ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாய். நான் இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஏசி ரூம், கண்ணாடிக் கதவு என்று போனில் உன்னிடம் எவ்வளவு பீற்றிக்கொண்டேன்!

ஆஸ்பத்திரிப் பணத்தைக் கட்டி வந்த கம்பெனி முதல் வாரத்தோடு கையை விரித்துவிட்டது. என் கம்மல் அடகுக்குப் போய்விட்டது, உன் கம்மல் இன்னும் உன் காதில் கிடக்கிறது. அதைக்கூட நான் நினைத்துப் பார்க்கிறேன், சீ.

இங்கே தினமும் பணம் கட்டினால்தான் கட்டுப் பிரித்து மருந்து போடுகிறார்கள். நேற்றும் இன்றும் பிரிக்கவில்லை. உன் மச்சான் ஏனென்று கேட்கவில்லை. "சகலைக்கு அங்கன காசே வாங்கலியாமே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன்னிடம் உதவி கேட்க எனக்கு வாயில்லை. உன் வீட்டுக்காரர் படுத்திருந்த அந்தக் கட்டிலில் இப்போது யாராவது இருக்கிறார்களா? நர்சம்மாவிடம் விசாரித்துச் சொல்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னை முந்திக்கொண்ட அக்கா