ஆறு துண்டு, ஆறு அக்ரூட்

ஜனவரி 7, ஞாயிறு

இல்லை, மறக்கவில்லை. தெரியாமலும் இல்லை. ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி டிஎன்ஏ துண்டுகளைப் பிரிப்பதை ஏழு வருடமாகச் செய்கிறேன். ‘இலெக்ட்ரோஃபொரீசிஸ்’ என்ற அதன் பெயர்தான் ஆங்கிலத்தில் வாயில் வரவில்லை. இந்த ஆண்டு முதல் என் வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில். என்னுடையதோ பிரெஞ்சில் படித்த வாய். ‘ஃபொரேஸ்’ என்று வாலை நறுக்கிவிடுகிறது.

மூன்றாம் வரிசைப் பெண் மெல்லச் சொன்னாள்: “ரீ-சிஸ், மேடம்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜனவரி 9

15ஆம் தேதி தேர்வுக்குழு என் வகுப்பில் உட்காரும். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் — எழுத வேண்டாம்.

பக்கத்து அறை விரிவுரையாளர் தௌஃபீக் இங்கிலாந்தில் படித்தவன். “என்ன வஸீலா, பாதி வார்த்தைய பாரிஸ்லயே விட்டுட்டு வந்துட்டியா?”

நான் பாரிஸுக்குப் போனதே இல்லை.

ஜனவரி 12, யென்னாயெர்

எங்கள் பழைய நாட்காட்டிப்படி இன்று புத்தாண்டு. அக்ரூட் தட்டு தங்கை நவால் மடியில். “ஒரு துண்டு சொன்னா ஒரு அக்ரூட். முழுங்கினா எனக்கு.”

இ. லெக். ட்ரோ. ஃபொ. ரீ — அழுத்தம் இதன்மேல். சிஸ்.

தனித்தனியாக ஆறும் வருகிறது. சேர்த்தால் சின்னவை முன்னால் ஓடுகின்றன, ரீ பின்தங்குகிறது. ஜெல்லில் நடப்பதேதான்.

“இந்தப் பேர வெச்சவன் வீட்ல யாரும் பேசவே மாட்டாங்க போல, அக்கா.” அவள் வாயில் என் நாலு அக்ரூட்.

ஜனவரி 13

டிராமில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எதிரிலிருந்தவர் ஓதுகிறேன் என்று நினைத்து ‘ஆமீன்’ சொல்லி இறங்கினார்.

ஜனவரி 15

கடைசி வரிசையில் குழுத் தலைவர் பென்ஷரீஃப். முப்பது வருடம் பிரெஞ்சில் பாடம் நடத்தியவர்.

பாடத்தில் அந்த வார்த்தை வரும் இடம் வந்தது. ட்ரோவில் நின்றேன். பலகைக்குத் திரும்பி அதை எழுதி, நடுவில் ஐந்து கோடு போட்டேன்.

“எனக்கும் இது வர மாட்டேங்குது. சேந்து சொல்லுவோம்.”

மூன்றாம் வரிசைப் பெண்தான் தொடங்கினாள். பிறகு நாற்பது வாய். மூன்றாம் முறை தனியாகச் சொன்னேன். வந்தது.

பென்ஷரீஃபின் மீசையும் அசைந்தது. நாலாம் கோட்டில் நின்றது. உடனே குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார்?

ஜனவரி 18

பென்ஷரீஃப் கதவைத் தட்டினார். “கையெழுத்துப் போட்டாச்சும்மா. இனி நீ நிரந்தரம்.”

போகவில்லை. கதவைச் சாத்தினார்.

“அடுத்த வருஷம் எனக்கும் பாடம் இங்கிலீஷ்லதான். தௌஃபீக்கிட்ட போய்க் கேக்க முடியுமா, சொல்லு.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். தாளில் வார்த்தையை எழுதி ஐந்து கோடு போட்டேன். பையிலிருந்து ஆறு அக்ரூட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.