ஃபிரிட்ஜ் பிளக்கும் புது கரன்ட் காரும்

ஏங்க, வாசல்ல காரைக் காணோம்னு ஊரைக் கூட்டாதீங்க. திருடன் வரலை, நான்தான் டியூட்டிக்கு எடுத்துட்டுப் போறேன்.

"கரன்ட் காரும்மா, உனக்குப் பழக்கம் இல்லை"ன்னு நேத்து சொன்னீங்களே, தினமும் ஆம்புலன்ஸ் ஓட்டுறவகிட்ட பேசுற பேச்சா அது? ராத்திரி நான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தது அதுக்குத்தான்.

அப்புறம், காருக்குச் சார்ஜ் போட ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கின மகராசன் யாரு? காலையில பாலைக் காய்ச்சினா திரிஞ்சு போச்சு. இன்னைக்குக் கறுப்புக் காப்பிதான், குடிங்க. சாப்பாடு அடுப்பு மேடையில மூடியிருக்கு.

பழைய கார் சாவி ஆணியில தொங்குது. அதுல ஆபீஸ் போங்க. ஸ்டார்ட் பண்ணினா சத்தம் வரும், பயந்துடாதீங்க.

கீழே இடம் இல்லை, சீட்டு ஓரத்துல எழுதுறேன். புது கார் வர்ற வரைக்கும் ஒவ்வொரு ஹாரனுக்கும் வாசலுக்கு ஓடினீங்க. வந்த பிறகு, வாசல்லயே நிக்கிற காரை போன் மேப்புல புள்ளியாப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க. இன்னைக்கும் பாருங்க. சாயந்திரம் அந்தப் புள்ளி வீட்டுப் பக்கம் நகர ஆரம்பிச்சதும் அதே மாதிரி வாசலுக்கு ஓடி வாங்க. உள்ளே நான் இருப்பேன்.