எண்ணெய்த் தொட்டி நிறைந்திருந்தது

அன்ஃபே
செப்டம்பர் 17

அன்பு மகன் ஃபாரிஸுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே மூவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சிட்னியில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. காய்ந்த அத்தியும் ஸாத்தர் பொடியும் உன் சித்தி மகளிடம் கொடுத்தனுப்புகிறோம், அதற்குள்தான் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போன் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி.

போன குளிர்காலத்தில் உன் தங்கை நய்லா, கடலில் ஓட்டும் நம் ஜெட் ஸ்கீயின் எண்ணெய்ப் பம்ப்பைக் கழற்றிப் போட்டதைச் சொல்லியிருந்தேன் அல்லவா. பக்கத்து ஊர் சிக்காவில் ஒருவனுடைய வண்டியில் எண்ணெய் போகும் சின்னக் குழாய் இற்று ஒழுகி, பத்தே நிமிடத்தில் எஞ்சின் இறுகிச் செத்துப்போனது, அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பம்ப் மேல் நம்பிக்கை போய்விட்டது. பம்ப் இருந்த இடத்தைத் தகடு வைத்து மூடினாள், எண்ணெய் வந்த துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தாள், இனி பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும், இருபது லிட்டருக்கு அரை லிட்டர் என்றாள். கம்பெனிக்காரன் என்ன முட்டாளா என்று நான் கத்தினேன். அவன் இந்தக் கடல்ல வண்டி ஓட்டலப்பா, நான்தானே ஓட்டறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அதன் பிறகு வண்டி கொஞ்சம் நீலப் புகை விட்டது, ஆனால் கோடை முழுக்க ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. இதைக் கேள்விப்பட்டு பத்ரூனிலிருந்து மூன்று பேர் எங்கள் வண்டிக்கும் இதே வேலையைச் செய்து கொடு என்று வந்துவிட்டார்கள். சொந்தமாக ஒரு பட்டறை போடலாமா என்று அவளும் இடம் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். பழைய எண்ணெய்த் தொட்டியை அவள் கழற்றவில்லை. அது காலியானால் எச்சரிக்கை மணி ஓயாமல் அலறும், அதன் வாயை அடைக்கத்தான் தொட்டி நிறைய எண்ணெயை விட்டு வைத்திருந்தாள், அதிலிருந்து ஒரு சொட்டு எஞ்சினுக்குப் போகாது. சிலுவைத் திருநாளுக்கு முதல் நாள், அவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தபோது, வண்டியில் பெட்ரோல் குறைவாக இருப்பதைப் பார்த்தேன். எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தேன், நிறைந்திருந்தது. முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போய் வெறும் பெட்ரோல் கேனை எடுத்துப் பதினைந்து லிட்டர் ஊற்றிவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் நான் ஆனையும் இல்லை.

சாயங்காலம் கிழக்குக் காற்று திடீரென்று எழும்பியது. திரிபோலிப் பையன்கள் இரண்டு பேர் காற்றடித்த மெத்தையில் படுத்தபடி உப்பளம் தாண்டி வெகுதூரம் போய்விட்டார்கள், கரையிலிருந்து பார்க்க இரண்டு புள்ளிதான் தெரிந்தது. நய்லா ஓடிவந்து வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். அவள் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், வண்டிக்குப் பின்னால் புகையே இல்லை. நான் ஊற்றியது வெறும் பெட்ரோல் என்பது அப்போதுதான் உறைத்தது ஃபாரிஸ். இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினேன், எஞ்சின் இரைச்சலில் அவளுக்கு எங்கே கேட்கப் போகிறது. எஞ்சின் இறுகினால் காற்று மூன்று பேரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும், நம் கரையில் போய்க் கூட்டிவர வேறு வண்டி கிடையாது. என்ன ஆச்சு உங்களுக்கு என்று கரையிலிருந்து அம்மா கேட்கிறாள், நான் தொலைநோக்கியை எடுக்க ஓடினேன்.

அதில் பார்த்தேன். நய்லா அவர்களை நெருங்கியதும் எஞ்சினை அணைத்துவிட்டாள். முன் பெட்டியிலிருந்து ஓர் எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பெட்ரோல் மூடியைத் திறந்து ஊற்றினாள். பிறகு அந்த இரண்டு பையன்களையும் தண்ணீரிலேயே ஆளுக்கொரு பக்கம் தொங்கவிட்டு, மாற்றி மாற்றி அழுத்தச் சொன்னாள். அலையோடு அலையாக வண்டியைத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினார்கள். எண்ணெய் கலப்பதற்காம்! நடுக்கடலில், காற்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது, அவ்வளவு நேரம் பொறுமையாக நின்று கலக்கினாள். பிறகு எஞ்சின் பிடித்தது, கொஞ்ச நேரத்தில் நீலப் புகை வந்தது. அறுபத்திரண்டு வயதில் புகையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மெதுவாக, முடுக்காமல், மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். என் வயிற்றில் பிறந்ததா என்று உன் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அதே பிரமிப்புதான், இன்னும் தீரவில்லை.

எப்படிம்மா தெரிஞ்சுது என்று கேட்டேன். புகை வரல, சத்தம் காஞ்சு கேட்டுது என்றாள். அதற்கு மேல் சொன்னதுதான் என்னைக் கொன்றது. நான்தான் அளவுல தப்புப் பண்ணியிருக்கேன், ரெண்டு உயிர் போயிருக்கும், இந்த வேலை எனக்கு வேண்டாம்பா என்றாள். அன்று இரவு ஊரெல்லாம் திருநாள் நெருப்பு மூட்டி ஆடியது, இவள் பத்ரூன்காரர்களுக்குப் போன் போட்டு, வேற ஆளைப் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு நாளாகிறது. பழைய பம்ப்பைத் திரும்ப மாட்டுவதற்காக இப்போது கீழே தகட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். இதை உனக்கு எழுத முடிகிற எனக்கு அவளிடம் சொல்ல முடியவில்லை.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது. இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன். சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் கையிலிருந்த திருகைக் கீழே வைத்தாள். எத்தனை லிட்டர் என்று கேட்டாள். பதினைந்து என்றேன். அப்போ என் அளவு சரி என்றாள். திரும்ப ஒருமுறை, அப்போ என் அளவு சரிதான் என்றாள், சொல்லிவிட்டு அழுதாள், கடலில் அழாதவள். பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாலு நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க என்று ஆரம்பித்தவள் நிறுத்த வெகுநேரம் ஆனது. கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்கினாள். அந்த எண்ணெய்த் தொட்டியைப் பிடுங்கி வெளியே வைத்தாள், மணியின் கம்பியையும் வெட்டினாள். கடைசியில் அளவுக் குவளையை என் கையில் திணித்து, இனிமே பெட்ரோல் நீங்கதான் கலக்கணும், வேற யாரும் தொடக்கூடாது என்றாள். நான் தப்பு செய்த அதே வேலையை என்னிடமே கொடுத்துவிட்டாள் ஃபாரிஸ்.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குப் போன் செய், கல்யாணப் பேச்சை எடுக்காமல் பட்டறையைப் பற்றிக் கேள். அம்மாவிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதே. அவளிடமும் நானே சொல்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு பெண்ணிடம் திட்டு வாங்கத்தான் எனக்குத் தெம்பு இருக்கிறது.

உன் அப்பா,
ஜப்பூர்