நாவல்களில் காணாமல் போன அப்பாக்கள்

மே 18, வெள்ளி

காலையிலிருந்து மழை. ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. வாளி ஒன்று, அண்டா ஒன்று வைத்தாயிற்று.

வாங்க வேண்டியவை: பாய் 2. முகம் பார்க்கும் கண்ணாடி (என்னுடையது சவரத்துக்கு மட்டும் லாயக்கு). சீப்பு. மறைப்புக்குத் துணி. கோலமாவு, பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடையில் என்று விசாரிக்க.

27ஆம் தேதி வாசகசாலையில் என் பேச்சு. தலைப்பை நானே கொடுத்துத் தொலைத்தேன்: குடும்ப நாவல்களில் தந்தை. "அலமாரியில உள்ள அத்தனையும் படிச்ச ஆளு நீங்கதான் சார்" என்றார் செயலாளர். மயங்கிவிட்டேன்.

பதினொரு நாவல் புரட்டியதில்:

முதல் அத்தியாயத்திலேயே காலமானவர் – 4
கப்பலேறிப் போனவர் – 5
சாமியாராகிப் போனவர் – 1
சாய்வு நாற்காலியில் கிடந்து கடைசிவரை வாய் திறக்காதவர் – 1 (இவரும் இல்லாதவர்தான்)

கப்பலேறிய ஐந்து பேரும் கடைசி அத்தியாயத்தில் வந்துவிடுகிறார்கள். ஐந்து பேருக்கும் கோட்டு, சங்கிலிக் கடிகாரம். ஐந்து பேரும் பெண்ணைக் கன்னத்து மச்சத்தை வைத்தே கண்டுபிடித்து "மகளே!" என்று கதறுகிறார்கள். பெண் மூர்ச்சை போட்டு விழுகிறாள். முற்றும்.

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. என் மனைவி செல்லம்மாளும் மகள் கமலாவும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி நாலு நாள் ஆகிறது. கமலாவுக்குப் பதினைந்து வயது. நான் கடைசியாகப் பார்த்தபோது பதினொரு மாதம். ஊரில் அவர்களை வைத்திருந்த மச்சான் படம் எடுக்க விட்டதே இல்லை. வலது கன்னத்தில் மிளகளவு ஒரு மச்சம், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த அடையாளம்.

மே 19, சனி

மழை இல்லை. மாலையில் பக்கத்து வீட்டு வீராசாமியிடம் பேச்சைப் படித்துக் காட்டினேன். ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எழுத்து தெரியாது, நாவல் கேட்பதென்றால் சோறு வேண்டாம். நான் குமாஸ்தா என்பதால் கிராணியார் என்றுதான் கூப்பிடுவான்.

"கிராணியாரே, இவனுங்க அப்பன் கப்பலேறிட்டான்னு எழுதிப்புட்டு விட்டுர்றானுங்க. போனவன் என்ன ஆனான்னு எழுதுனவனுக்குத் தெரியாதுலா. நமக்குத் தெரியும். இந்தா, யார்டுல நின்னு பச்சக்கொடி காட்டிக்கிட்டு இருக்கான்."

அட, ஆமாம்! அந்த ஐந்து பேரும் இங்கேதானே இருக்கிறோம். செந்தூல் ரயில் பட்டறையில், கிள்ளான் ரப்பர்த் தோட்டத்தில், சரக்கு ஆபீஸ் மேசையில்.

வீரா மேலும் கேட்டான்: "பொண்ணு கேக்கும், ஏன் இத்தினி வருசம் வரலைன்னு. பதில் வெச்சிருக்கீங்களா?"

நாலு தரம் லீவுக்கு எழுதினேன். நாலு தரமும் நானே கிழித்தேன்.

மே 21, திங்கள்

கப்பல் நேற்று வந்துவிட்டது. வழக்கம்போல் டெக்குப் பயணிகள் எல்லோரையும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைதான் விடுவார்களாம். வியாழன் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்று தகவல்.

பெரிய கிராணியிடம் கோட்டு இரவல் வாங்கினேன். எதற்கு? நாவல் படித்த பாவம்.

பாய் வாங்கியாயிற்று. கோலமாவு கிடைக்கவில்லை. 

மே 24, வியாழன்

வெயில் கொளுத்தியது. கோட்டுக்குள் வெந்துபோனேன். கிள்ளானில் ரயில் அரைமணி நின்றது. அதற்குள் சொல்ல வேண்டியதை ஏழு தரம் மனப்பாடம் செய்தேன்.

கம்பிவேலிக்கு உள்ளே ஒரே கூட்டம். சேலைத் தலைப்புகள், குழந்தைகள், அழுகை. செல்லம்மாளைக் காணோம். அப்போது ஒரு பெண், வலது கன்னத்தில் மச்சம், அதே மிளகளவு. கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லியே விட்டேன்: "மகளே! உன் தந்தை வந்திருக்கிறேன்!"

அந்தப் பெண் மிரண்டு இரண்டடி பின்னால் போய்விட்டது. பக்கத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அதற்கும் பின்னாலிருந்து செல்லம்மாளின் குரல்:

"ஏங்க, அது யாரு பெத்த புள்ளயோ! உங்க மவ இந்தா நிக்கிறா."

சிரித்தவள்தான். நெடுநெடு என்று, என் மூக்கோடு. கன்னம் துடைத்த மாதிரி இருந்தது.

"மச்சம்?" என்றேன்.

"என்ன மச்சம்? நீங்க கெளம்புன அன்னிக்குக் கண்ணு படக்கூடாதுன்னு நாந்தான் மையத் தொட்டு வெச்சேன். ஒரு கை தண்ணியில போயிருக்கும்."

பதினாலு வருஷம் ஒரு திருஷ்டிப் பொட்டை என் மகள் என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பூமி பிளந்தால் கோட்டோடு இறங்கியிருப்பேன். கமலா தாயின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். சிரிப்புத்தான். மூர்ச்சை இல்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

மே 26, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். செல்லம்மாள் வந்ததும் அடுப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

கமலா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. இத்தனைக்கும் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். "அம்மா, அவருக்குச் சோறு போடவான்னு கேளு." கேட்டு, பதில் வாங்கி, திருப்பிச் சொல்லி... தபால் ஆபீஸ் போல. 'அவர்'தான். வேறு எப்படிக் கூப்பிடுவாள்? 

மத்தியானம் என் பேச்சுத் தாள்களைப் படித்திருக்கிறாள். "அம்மா, அவரு எழுதினதுல அப்பனுங்க எப்பப் போனாங்க, எப்ப வந்தாங்கன்னுதான் இருக்கு. நடுவுல வீட்டுல இருந்தவங்கள எண்ணவே இல்ல."

பொறுக்கவில்லை. "என்ன பண்ணாங்க, நீயே சொல்லு" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. ஒரு வருசம் ரயிலு ஓட்டுறாருன்னேன். ஒரு வருசம் புலி சுடுறாருன்னேன்."

"நான் சரக்குச் சீட்டு எழுதுறவன்."

"தெரியும். சொன்னா நல்லாருக்காதுன்னு சொல்லல."

செ. சிரித்துவிட்டாள். கமலா சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் வரல?"

"பயம். லீவு முடிஞ்சு திரும்பி வந்தா ஆபீசுல என் நாற்காலியில வேற ஆளு உக்காந்திருப்பான்னு. அப்புறம் வருசம் ஆக ஆக, உன் மூஞ்சிய எப்படிப் பாக்குறதுன்னு ஒரு பயம்."

கமலா எழுந்து போய் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஒழுகலுக்கு நேராக வைத்தாள்.

மே 27, ஞாயிறு

வாசகசாலையில் இருபத்தைந்து பேர். பெண்களுக்குப் பின் வரிசையில் பெஞ்சு. கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேட்டி சட்டையோடு போனேன்.

தாளை மடித்து வைத்துவிட்டேன். அப்பன் இல்லாத அத்தியாயங்களில் ஒரு பெண் வருஷத்துக்கு ஒரு அப்பனைச் செய்துகொள்வதைச் சொன்னேன். யார் பெண் என்று சொல்லவில்லை. கப்பலேறியவர் திரும்பாததற்குப் பல சமயம் கோழைத்தனம்தான் காரணம் என்றும் சொன்னேன்.  பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் சுமார்.

வெளியே வந்ததும் வீரா. "கிராணியாரே, ஊருக்கு ஒரு காயிதம் எழுதணும்" என்றான். ஏழு வருஷமாக அவன் ஊர் என்று வாயெடுத்ததில்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். நாளை சாயங்காலம் வரச் சொன்னேன்.

திரும்பும்போது செ. என்னோடு நடந்தாள். கமலா நாலடி முன்னால். 

மே 28, திங்கள்

தூறல். பழைய சோறு, செ. வைத்த புளிக்குழம்பு. இரண்டு கை அதிகம் சாப்பிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். உள்ளேயிருந்து ஒரு அதட்டல்:

"அப்பா! கதவச் சாத்திட்டுப் போங்க, ஆடு வருது!"

சாத்தினேன். பத்தடி போனவன் திரும்பி வந்து, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி நின்றேன்.

"சாத்தியாச்சுப்பா, போங்க."

ஆபீசுக்கு ஆறு நிமிஷம் தாமதம்.