ஐந்தாம் நாள் இரத்தம்

என் உயிரான அக்காவுக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. உன் மகள் செல்வி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அத்தான் தாளடி நெல் நட்டுவிட்டார். யாரோடும் அதிகம் பேசுவதில்லை. நான் அதே ஆஸ்பத்திரியில், அதே இரத்தப் பரிசோதனை அறையில்தான் இருக்கிறேன்.

காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் கோட்டுச்சேரியிலிருந்து வண்டி கட்டி வந்தாய். உன் கையில் ஊசி குத்தியவன் நான். "மெதுவாடா, வலிக்குது" என்று சிரித்தாய். உன் இரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து, செத்த டைபாய்டு கிருமிகள் இருந்த குழாயில் விட்டேன். டைபாய்டு என்றால் பால் திரிவதுபோலத் திரியும். மறுநாள்வரை திரியவில்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகும் எங்கள் பரிசோதனைச் சீட்டுகள் பிரெஞ்சில்தானே? "நெகத்தீஃப்" என்று எழுதினேன். இல்லை என்று அர்த்தம்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இத இப்பவே நம்பிடாதப்பா. ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் எடுத்துப் பாரு" என்றார். நான் அத்தானிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "டைபாய்டு இல்லைங்க அத்தான். பயப்படாம அழைச்சுக்கிட்டுப் போங்க."

அந்த ஒரு வாரம் வந்து போயிற்று. மறுபடி இரத்தம் எடுக்க நான் வரவில்லை. என் குழாய் பொய் சொல்லாது என்ற கர்வம். வேறென்ன சொல்ல?

பதினாறாம் நாள் உன்னைத் தூக்கி வந்தார்கள். இந்தத் தடவை குழாய் திரிந்துவிட்டது. புது மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாள் உன் வயிறு பலகையாக இறுகியது. "தம்பி, உள்ள என்னமோ கிழிஞ்ச மாதிரி இருக்குடா" என்றாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

டாக்டர் பிற்பாடு நுண்ணோக்கியில் யாருடையதோ ஒரு குடல் துண்டைக் காட்டினார். குடலில் சின்னச் சின்னத் திட்டுகள் உண்டாம். "இங்கதான் பெரிய செல்லுங்க கிருமிய முழுங்குது. சின்ன செல்லுங்க வந்து சுத்திக் கூடுது. அதுக்கப்புறம் சிலது ஊதி மாறி, எதிர்ப்பொருளச் சுரக்குது. அதுதான் உன் குழாயத் திரிய வைக்குது. ஒண்ணுக்கொண்ணு எப்படிச் சேதி சொல்லிக்குதோ, இன்னும் யாருக்கும் தெரியல. ஆனா ஏழெட்டு நாளாவது ஆகும்."

ஐந்தாம் நாள் உன் உடம்பு அப்போதுதான் வேலையில் இறங்கியிருந்தது, அக்கா. அது முடிப்பதற்குள் நான் முடிவு எழுதிவிட்டேன். அந்தச் செல்கள் கூடிய திட்டுதான் வீங்கி, புண்ணாகி, ஓட்டை விழுந்ததாம். உன்னைக் காக்க வந்தவை கூடிய இடத்திலேயே நீ கிழிந்தாய். இது என்ன நியாயம்?

போன வாரம் அத்தானோடு கடைத்தெருவுக்கு வந்த செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அம்மாவுக்கு என்ன காய்ச்சல்?" "தெரியலம்மா" என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கோட்டுச்சேரிக்குப் போவேன். டாக்டர் சொன்னதையும் நான் செய்யாததையும் அத்தானிடம் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். இனி செல்வியைப் பார்க்க வராதே என்றால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் சொல்வேன், அக்கா.

உன் கூடப்பிறந்த தம்பி,
கணேசன்