பூட்டிய வீட்டில் பூத்த செடி

பெங்களூரு
12.11.2024

பாசமுள்ள மைனிக்கு,

கர்த்தர் கிருபையால் முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பிரீனா என்னை ஒரு துரும்பையும் எடுக்க விடுவதில்லை. பெற்ற மகள் வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் காது கேட்காது. கேட்காததற்கும் ‘ம், ம்’ என்று சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

சாவி உங்கள் கையில் இருப்பதால் வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் முன்னறையில் தொங்கும் முத்துச்சரச் செடியைப் பற்றித்தான். அது ரோஜா அல்ல, தினமும் தண்ணீர் கேட்காது. பச்சைப் பட்டாணி போன்ற அந்த மணி ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குடம்; உள்ளே தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும். இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் தண்ணீர் வேண்டாம். வாடிய திராட்சை போல அமுங்கினால் ஊற்றுங்கள். பாவம் என்று தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். வகுப்பில் நான் கேட்பேன், ஒட்டகத்தைக் கொண்டுபோய்க் குளத்துக்குள் கட்டிப்போடுவீர்களா என்று. அதைப் போலத்தான்.

இன்னொன்று. முன்னறை ஜன்னலைத் திறக்கவே வேண்டாம். லாரித் தூசி மணிகளில் படிந்தால் துடைக்கப் போகும்போது உதிர்ந்துவிடும். கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் போதும்.

டெனிஷுக்கும் மருமகள் ஸ்மைலினுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்
ராஜபாய்


அஞ்சுகிராமம்
25.11.2024

அன்புள்ள ராஜத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கால் குணமாக ஜெபிக்கிறேன். இங்கே நல்ல மழை. உன் செடி சுகமாக இருக்கிறது. அழுத்திப் பார்த்தேன், கல் போலத்தான் இருக்கிறது.

ஒரு செடிக்காக ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். மைனி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. சும்மா சொன்னேன், கோபப்படாதே.

டெனிஷுக்கு அன்பு சொல்லச் சொன்னாய். பார்க்கும்போது சொல்கிறேன்.

மைனி
தங்கபாய்


பெங்களூரு
23.12.2024

பாசமுள்ள மைனிக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். இப்போது பிரீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி மனதில் தங்கிவிட்டது. டெனிஷைப் ‘பார்க்கும்போது’ சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே வீட்டில் சாப்பிட்டு உறங்குகிற மகனைப் பார்க்கும்போது என்று யாராவது எழுதுவார்களா? அவன் வெளியூர் போயிருக்கிறானோ?

நேற்று சபை வாட்ஸ்அப்பில் கேரல் ரவுண்ட்ஸ் படங்கள் வந்தன. அதில் ஒன்று என் வீட்டு வாசல். மேலே நட்சத்திரம் எரிகிறது. பின்னால் முன்னறை ஜன்னல் விரியத் திறந்திருக்கிறது. என் செடி தெரிகிறது. பாடகர் குழு பூட்டிய வீட்டின் முன்னால் நின்று பாடுவதில்லை. கதவைத் திறந்து யாராவது வந்து நிற்க வேண்டும். யார் நின்றது மைனி?

தப்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

உங்கள்
ராஜபாய்


அஞ்சுகிராமம்
2.1.2025

அன்புள்ள ராஜத்துக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நின்றது நான்தான். பண்டிகைக் காலத்தில் உன் வீடு இருட்டாகக் கிடக்க வேண்டாம் என்று நட்சத்திரம் போட்டேன். உன் அண்ணன் இருந்தால் இருட்டாக விட்டிருப்பாரா? பாட வந்த பிள்ளைகளுக்கு முந்திரிக்கொத்தும் கட்டன் காப்பியும் கொடுத்தேன். ஜன்னலைத் தூசி தட்டத் திறந்தேன்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. உன் செடி பூத்திருக்கிறது! வெள்ளையாக, சின்னச் சின்னக் குஞ்சம் மாதிரி. பூவின் அழகைவிட மணம்தான் பெரிது. காலையில் கண் விழித்ததும் கறுவாப்பட்டை வாசம். பாயசம் வைக்கிறார்களோ என்று நினைத்துவிட்டேன்.

மைனி
தங்கபாய்


பெங்களூரு
13.1.2025

மைனிக்கு,

செடி பூத்தது சந்தோஷம்தான். ஆனால் யோசிக்க வைத்துவிட்டது.

கணக்குப் பாடத்தில் சில பிள்ளைகள் விடையைச் சரியாக எழுதியிருப்பார்கள், வழி இருக்காது. அப்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று பார்ப்பேன். உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் செடி என்னிடம் வந்த நாளிலிருந்து ஒரு மொட்டுகூட விட்டதில்லை. அது பூக்க நல்ல வெளிச்சம் வேண்டும், குளிர்ந்த காற்றும் வேண்டும். தூசி தட்டும் நேரத்துக்கு ஜன்னலைத் திறந்தால் பூக்காது. இந்த மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து வருகிற காற்று இரவெல்லாம் அந்த அறைக்குள் வந்திருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துபோட்டு யாரோ அங்கே உறங்குகிறார்கள்.

‘காலையில் கண் விழித்ததும்’ மணந்தது என்கிறீர்கள். கீழத்தெருவில் உங்கள் வீட்டில் கண் விழித்தால் என் வீட்டுச் செடி மணக்குமா?

அப்பா கட்டிய வீட்டில் தன் பங்கை அண்ணன் எனக்கு வாய்ச்சொல்லாகத்தான் விட்டுக்கொடுத்தார். எழுதிவைக்கும் முன் போய்விட்டார். அவருடைய நினைவு ஜெபத்துக்கு வந்தவர்கள் கலைவதற்கு முன்பே டெனிஷ் பங்கு கேட்டான். நீங்கள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்து இருந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

நான் இல்லாத நேரம் பார்த்து அவனை அங்கே குடிவைத்திருக்கிறீர்களா? உள்ளே கால் வைத்தவனை வெளியே அனுப்ப எனக்கு ஆயுள் போதாது. ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ராஜபாய்


மார்த்தாண்டம்
27.1.2025

ராஜத்துக்கு,

தங்கை வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று ஆராதனை முடிந்து வந்தேன். உன் கதவில் புதுப் பூட்டு. பழைய சாவி என் பையில் இருக்கிறது. பக்கத்து ஹார்டுவேர் கடையிலிருந்து எட்சன் ஓடி வந்தான். அவன் சத்தம் போட்டுத்தான் பேசினான், தெருவே கேட்டது.

“மாமி, டீச்சர் போன் பண்ணி பூட்டை மாத்தச் சொன்னாவ. டெனிஷ் உள்ள இருக்கான்னு நினைக்காவ. நீங்கதான் இருக்கியன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள போனை வச்சிட்டாவ. அவிய சொன்ன வாக்குக்குப் பூட்டை மாத்தினேன். இந்தாங்க சாவி, நீங்க உள்ள போங்க.”

“அது எனக்குத் தந்த சாவி இல்ல மக்கா” என்றேன். கதவை அவனையே திறக்கச் சொல்லி, என் துணியையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வார்த்தையில் பதில் எழுதச் சொன்னாய். ஒரு வார்த்தையில் வரவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்துவிட்டேன். நீ பெங்களூர் போனதும் டெனிஷ் ஒரு வக்கீலைக் கூட்டிவந்தான். “அம்மா, ஒரு ஒப்பு போட்டா போதும். அத்தை வீட்டுல பாதி நமக்கு வரும்” என்றான். உன் அண்ணன் கொடுத்ததை நான் திருப்பிக் கேட்கமாட்டேன் என்றேன். “அப்ப அத்தை வீட்டுலயே போயி இருங்க” என்றான். ஸ்மைலின் என் பையைக் கொண்டுவந்து நடையில் வைத்தாள். நான் உன் வீட்டுக்கு வந்தேன். வேறு எங்கே போவேன்?

அன்று தலையைக் குனிந்திருந்தேன் என்கிறாய். எனக்கு அப்போதே காது மந்தம். அவன் என்ன கேட்டான் என்று எனக்குத் தெரிந்தது வீட்டுக்குப் போன பிறகு.

மகன் வெளியே போகச் சொன்னான் என்று எந்தத் தாய் நாத்தனாருக்குக் கடிதம் எழுதுவாள்? நீ வந்ததும் நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். ஜன்னலைத் திறந்தது உண்மை. எனக்குத் தெருச் சத்தம் கேட்காது. ஆள் போவதைக் கண்ணால் பார்க்காவிட்டால், உலகத்தில் நான் மட்டும் இருக்கிறதாகத் தோன்றும்.

வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டேன். செடியை அழுத்திப் பார்த்தேன். கல் போல இருந்தது. தண்ணீர் ஊற்றவில்லை.

தங்கபாய்


அஞ்சுகிராமம்
18.2.2025

என் மைனிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே டிக்கெட் எடுக்கச் சொன்னேன். டாக்டர் இப்போதுதான் விட்டார். கைத்தடியோடு வந்து சேர்ந்தேன்.

முதலில் ஜன்னலைத் திறந்தேன். தூசி வரட்டும். பூக்கள் பழுப்பாகிக் கொட்டிவிட்டன. ஆனாலும் அறையில் ஒரு மணம் மிச்சம் இருக்கிறது. செடியில் ஒரு சரம் குறைகிறது. கத்தரியால் சுத்தமாக வெட்டின அடையாளம் தெரிகிறது. கைப்பிடி உடைந்த காப்பிக் கோப்பையையும் காணவில்லை. யார் எடுத்தது என்று கேட்கமாட்டேன். யாராக இருந்தாலும் சரத்தை மண்ணுக்குள் புதைக்காமல், மணலின் மேல் சுருட்டி வைக்கட்டும். கோப்பையின் அடியில் ஓட்டை போட்டுக்கொள்ளட்டும். தானே வேர் பிடிக்கும்.

செடியைப் பற்றி இவ்வளவுதான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? மாத்திரை இருக்கிறதா? தங்கை வீட்டில் உங்கள் கட்டில் ஜன்னல் பக்கமாகப் போட்டிருக்கிறதா? இதையெல்லாம் நவம்பரிலேயே கேட்டிருக்க வேண்டும்.

எட்சனைக் கூப்பிட்டு, புதுப் பூட்டைக் கழற்றிப் பழைய பூட்டையே போடச் சொன்னேன். “டீச்சர், சாவி இல்லாத பூட்டையா போடுறிய?” என்று சிரித்தான். சாவி இருக்கிறது, மார்த்தாண்டத்தில் என்றேன். அதற்கு இன்னொரு சாவி என்னிடம் கிடையாது. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், பிறகு நான் தெருவில்தான். அதனால் பூட்டாமல் கொண்டியில் தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டை விட்டு எங்கேயும் போக முடியவில்லை. போன ஞாயிறு ஆராதனைக்கும் போகவில்லை.

வருகிற ஞாயிறு போக வேண்டும் மைனி. முதல் மணி அடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

ராஜம்