தையல்காரர் இழுத்த ரம்பம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் பல்வலி தேவலையா? இந்த முறை யாரையும் எழுதித் தரச் சொல்லாமல் நானே எழுதுகிறேன், பார்த்தாயா!

நான் எத்தனை தடவை இழுத்தும் கிளம்பாத நம் பெட்ரோல் ரம்பத்தைப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்து ஓடவிட்டதாக எழுதியிருந்தாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று இங்கே மரம் வெட்டும் இடத்திலும் என் ரம்பம் மக்கர் செய்தது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் நனைந்திருந்தது.

"பெரியவரே, இஞ்சின் ஒரு தடவை இருமினதும் சோக்கை, இந்தக் குமிழை, உள்ளே தள்ளணும். நீங்க தள்ளாமலே இழுத்து இழுத்துப் பெட்ரோலை நிரப்பிக்கிட்டு இருக்கீங்க!" என்று சிரித்தார். இத்தனை வருடம் வீட்டு ரம்பத்தையும் அப்படித்தான் இழுத்து, அதையே திட்டியிருக்கிறேன்.

இனி அந்தத் தையல்காரர் வேண்டாம். இருமியதும் சோக்கைத் தள்ளிவிட்டு நீயே இழு. என் கையுறையை அவருக்குக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கி, நீ ஒரு தடவை மாட்டிவிட்டு இங்கே அனுப்பு. உன் கை பட்டதாக இருக்கட்டும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். எல்லோரையும் கேட்டதாகச் சொல். தையல்காரரிடம் மட்டும் சொல்லாதே.

உன் வீட்டுக்காரன்